எல்லாரும் கண் மூடியிருந்தபோது

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு முழு வாக்கியம் எழுதினேன். என் கால் வலிக்கிறது.

வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் எழுதிப் பார்த்த பிறகு அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாற்பது வருடம் பெயர்ப்பலகை எழுதும் கடையில் வேலை. மாஸ்டர் சாக்பீஸால் எழுத்துக்குக் கோடு போடுவார். நான் கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவேன். எந்த எழுத்துக்கு வயிறு பெரிது, எதற்கு வால் மெலிது, எல்லாம் கைக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது. 'ழ' என்ற ஒன்றை எத்தனை ஆயிரம் முறை நிரப்பியிருப்பேன்! அதற்கு ஒரு சத்தம் உண்டு என்று இந்த வருடம்தான் தெரிந்தது. நாற்பது வருடம் பக்கத்து வீட்டில் இருந்த ஊமை ஒருநாள் வாய் திறந்து பேசிய மாதிரி.

போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதிலிருந்து மகன் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. காலுக்குப் பயிற்சி கொடுக்கத் தினமும் பத்து மணிக்கு ஒரு அம்மாள் வருகிறாள். நான் வைத்த பெயர் கால் டீச்சர். முதல் நாள் நான் காலைத் தூக்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது அவள் கேட்டாள்: "ஐயா, பத்து தடவை தூக்கினா ஒரு எழுத்து சொல்லித் தரேன். சம்மதமா?"

அப்படித்தான் படித்தேன். பத்துத் தூக்குக்கு ஓர் எழுத்து. இந்த நோட்டும் அவள் கொடுத்ததுதான். எக்ஸ்ரே கவருக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். என் இடுப்பு எலும்பை யாரும் இரண்டாம் முறை பார்க்க ஆசைப்பட மாட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

பால்கனியிலிருந்து தெரியும் பலகைகளை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். எதிரே 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று இருக்கிறது. தெருவில் உள்ள அத்தனை வண்டியும் அதன் கீழேதான் நிற்கிறது. பாவம், அவர்களும் என்னைப்போல் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறார்களோ என்னவோ.

மார்ச் 8, சனி

இந்த வீட்டில் காலையில் ஒரு ஜெபம், மாலையில் ஒரு ஜெபம். காலை ஜெபம் செல்போனில் நேரலையாகப் போகிறது. மகன் ஸ்டாண்டை நிறுத்தி, என் சக்கர நாற்காலியையும் படத்துக்குள் தெரியும்படி தள்ளி வைப்பான். "அப்பா, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். பாதித் தலைதான் தெரியுது." எனக்கு நம்பிக்கை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். என் தலை இருந்தால் அவனுக்குப் போதும்.

எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் மூட மாட்டேன். மூடினால் பொய். அதனால் இந்த வீட்டில் ஜெபம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான்தான். மகன் குரல் நடுங்கக் கையை உயர்த்துவான். உயர்த்திய கையிலேயே மணி பார்ப்பான். மருமகள் ஒரு கண்ணால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்ப்பாள். ஆமென் சொன்ன அதே மூச்சில் குப்பை எடுக்க வருகிறவளிடம் கத்துவாள்: "எத்தனை மணிக்கு வர்றே? எங்களுக்கு வேற வேலை இல்லையா?"

மாலை ஜெபம் வேறு வகை. அதில் மருமகள் கடவுளிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசுவாள். நேற்று சொன்னது: "ஆண்டவரே, டீயைத் தரையில சிந்திட்டு சொல்லாம உட்கார்ந்திருக்கிற மனசுகளை மாத்தும்." நான் என்ன பதில் சொல்ல? ஜெபத்துக்குக் குறுக்கே யாரும் பேசக் கூடாது. ஆமென் வருகிறவரை ஊரே வாயை மூட வேண்டும். ஆமென் வந்தபின் அதைப் பேசினால், "நான் உங்களையா சொன்னேன் மாமா? கர்த்தர்கிட்டல்ல சொன்னேன்" என்பாள்.

இப்படி ஒரு கோட்டைக்குள் இருந்து சண்டை போட யாருக்குக் கொடுத்துவைக்கும்!

மார்ச் 10, திங்கள்

கால் டீச்சரும் கிறிஸ்தவள்தான். அதை இன்றுதான் கவனித்தேன். பிஸ்கட்டைக் கையில் எடுத்தவள் ஒரு நொடி கண் மூடினாள். உதடு அசையவில்லை. பிறகு கடித்தாள். அவ்வளவுதான்.

எனக்கு என் மனைவி ஞாபகம் வந்துவிட்டது.

அவளும் அப்படித்தான். பாத்திரம் கழுவிக்கொண்டே ஜெபம் பண்ணுவாள். குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மேலே யாரோ இருப்பதாகத் தோன்றியதில்லை. அதற்காக யார்மீதும் கோபமில்லை. எல்லா மதத்துப் பலகைக்கும் ஒரே டப்பா சிவப்பைத்தான் பூசினேன். எந்தச் சாமியும் வந்து நிறம் மாற்றச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடுவேன். அவள் உள்ளே போவாள். நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பேன். நாற்பது வருடம். எனக்கு 'வாசல்காரர்' என்றே பெயர். உள்ளே வா என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மழை பெய்தால் மட்டும் வெளியே எட்டிப் பார்த்து, "குடைக்குள்ள நில்லுங்க" என்பாள்.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. அந்தக் கோயில் பழைய ஊரில். மகனின் சபை இந்த ஊரில். இங்கே அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

மார்ச் 12, புதன்

மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று இருக்கிறது. ஒரு வருடமாகப் பின்னால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

மார்ச் 14, வெள்ளி

சும்மா இருந்திருக்கலாம். மருந்துச் சீட்டை மகன் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒரு பெருமைதான். குழந்தை மாதிரி.

அவன் அப்படியே நின்றுவிட்டான். கண் கலங்கியது. நானும் நெகிழ்ந்துபோனேன். அடுத்த நிமிடம் போனை எடுத்து ஸ்டாண்டில் வைத்தான். "பிரியமானவங்களே, எழுபத்து மூணு வயசுல எங்க அப்பாவுக்கு ஆண்டவர் எழுத்தைக் கொடுத்திருக்காரு! எங்க ஜெபத்துக்குப் பதில்!"

ஆண்டவரா? ஆயிரக்கணக்கான தடவை காலைத் தூக்கியது நான். சொல்லிக் கொடுத்தவள் அப்போது பக்கத்தில்தான் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் பேர்கூட அவன் வாயில் வரவில்லை. அவள் சிரித்தபடி செருப்பைத் தேடினாள்.

மார்ச் 17, திங்கள்

போதகர் வந்தார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு.

"ஐயா, ஏப்ரல் ஆறு, ஞாயித்துக்கிழமை. சபைக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. உங்க சாட்சிய நீங்களே மேடையில படிக்கணும். கடைசியா ஒரு சின்ன ஜெபம். அவ்வளவுதான்."

"என்ன சாட்சி? நான் எதையும் பார்க்கலையே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கடவுள் தன் வாழ்க்கையை மாற்றிய கதையைச் சொல்வதுதான் இவர்களுக்குச் சாட்சி. அதற்கு மறு வாரம் சபையை நடத்துகிற மூப்பர் பதவிக்குத் தேர்தல். மகன் நிற்கிறான் என்று மருமகள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

எனக்கு மாற்றமே இல்லையே, எதைப் படிக்கப் போகிறேன்? "அது ஏற்கெனவே பத்திரிகையில வந்ததுதாம்பா," என்றான் மகன்.

எந்தப் பத்திரிகை?

மார்ச் 19, புதன்

டிவி அலமாரிக்குக் கீழே சபைப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கின்றன. நான் பிடித்து நடக்கிற நடைக்கம்பியால் இழுத்தேன். ஒன்றில் என் படம். அடியில் ஒரு கட்டை விரல் ரேகை. என்னுடையது, நடுவில் தழும்பு இருக்கிறது. மேலே இருப்பது சின்ன எழுத்து. நாலு வரி படிப்பதற்குள் கண் எரிகிறது. 'நான்' என்று ஆரம்பிக்கிறது.

மார்ச் 20, வியாழன்

இரண்டாவது பத்தி. 'குடி' என்று இருக்கிறது. குடியிருப்பு என்று வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

முழுக்கப் படித்துவிட்டேன். மூன்று முறை எழுத்துக் கூட்டினேன், நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று.

நான் பெரிய குடிகாரனாம். மனைவி கோயிலுக்குப் போனால் முடியைப் பிடித்து இழுத்து அடிப்பேனாம். அவள் மகனோடு சேர்ந்து அழுது ஜெபித்தாளாம். அவள் சவப்பெட்டியின் முன்னால் நான் முழங்காலில் விழுந்து மனம் திரும்பினேனாம்.

அடக்கத்தன்று மகன் இரண்டு தாள் கொண்டுவந்தான். "கல்லறை இடத்துக்குப்பா, ரெண்டு இடத்துல வைங்க." வைத்தேன். அன்று எனக்கு விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவன் பிடித்து அழுத்தினான்.

ஒரு வருடமாக இந்த ஊரில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அவளை அடித்தவன் என்று பார்த்திருக்கிறார்கள். கையைப் பிடித்துக் குலுக்கியும் இருக்கிறார்கள். அடித்ததற்கு ஒரு கைகுலுக்கல்!

படிக்காமலே இருந்திருக்கலாமா? இல்லை. இல்லவே இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

கேட்டேன்.

"உங்கம்மாவ நான் அடிச்சேனாடா?"

அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தான். "அப்பா, அதைப் படிச்சிட்டு எத்தனை பேரு குடியை விட்டிருக்காங்க தெரியுமா?"

"நான் குடிச்சதே இல்லையேடா."

"நீங்க குடிச்சீங்களா இல்லையாங்கிறது விஷயமே இல்லப்பா."

"அப்போ எதுடா விஷயம்?"

"ஒரு சாதாரண ஆளு, வாசல்ல நின்னு டீ குடிச்சான்னு எழுதினா யாருப்பா மனம் திரும்புவாங்க?"

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. பொய் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை. நம்பிச் சொல்கிறவனோடு சண்டை போடலாம். இவனோடு எப்படி?

படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

மாலை ஜெபத்தில் மருமகள்: "ஆண்டவரே, ஆறாம் தேதி மாமா கீழ்ப்படிஞ்சு நடக்கும்போது, அந்த சிஸ்டர் இந்த வீட்டுக்கு வர்ற வாசலும் திறந்தே இருக்கட்டும். இல்லாட்டி உம்முடைய சித்தம்."

அதாவது, படிக்காவிட்டால் கால் டீச்சர் கிடையாது. இதைவிடத் தெளிவாக எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுத முடியாது.

மார்ச் 26, புதன்

அவள் வராவிட்டால் இந்தக் கால் நிற்காது. கால் நிற்காவிட்டால் ஐம்பத்து நான்கு படிக்குக் கீழே தெரு என்ற ஒன்று இருப்பதைப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே செத்துப்போக வேண்டியதுதான். பழைய ஊரில் வீடு இல்லை. போன் பண்ணி அழைக்க ஆளும் இல்லை. இந்த ஹாலின் நீளம் பதினொரு அடி, நடைக்கம்பியோடு அளந்தேன்.

படித்தால் என்ன? ஐந்து நிமிடம். செத்தவளுக்குக் காது கேட்காது. நானே அப்படித்தானே நம்புகிறேன்?

பிறகு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது?

மார்ச் 29, சனி

மகன் அந்தச் சாட்சியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டான். ஒத்திகையாம். எதிரில் உட்கார்ந்து, "நிறுத்தி நிறுத்திப் படிங்கப்பா, அழுகை வந்தா அடக்காதீங்க" என்றான்.

கோடு அவன் போட்டிருக்கிறான். நான் நிரப்ப வேண்டும். வாழ்க்கை முழுக்க அதுதானே தொழில்.

'அவளை' வரைக்கும் படித்தேன். அடுத்த சொல் வாயில் ஏறவில்லை. தண்ணீர் கேட்டேன். இருமல் என்று சொன்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கால் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாளையும் காட்டினேன். அவள் படித்துவிட்டு மடித்து, திரும்ப என் மடியில் வைத்தாள்.

"நான் படிக்கலைன்னா உன்னை நிறுத்திடுவாங்கம்மா."

"நிறுத்தட்டும். எனக்கு வேற காலா கிடைக்காது? ஊர்ல தினம் நாலு பேரு விழுறாங்க ஐயா." சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "எனக்காகப் பொய் படிச்சுடாதீங்க. நான் சொல்லிக்கொடுத்த எழுத்து."

"கடைசியில ஜெபம் வேற பண்ணணுமாம். நான் யார்கிட்டம்மா பேசுறது? இல்லாத ஆள்கிட்ட பேசினா என் மகனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் என் முழங்காலை மடக்கி நீட்டி, பத்து எண்ணி முடித்தபின் சொன்னாள்: "யார்கிட்ட பேசணும்னு தோணுதோ அவங்ககிட்ட பேசுங்க. நான் அதைத்தான் பண்றேன்."

ஏப்ரல் 3, வியாழன்

யாரிடம் பேசத் தோன்றுகிறது என்று தெரியும். இரண்டு வருடமாக ஒரே ஆளிடம்தான்.

ஏப்ரல் 5, சனி

நாளை. சட்டையை மருமகளே தேய்த்து மாட்டியிருக்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. மாஸ்டர் இருந்தால் பிரம்பால் அடிப்பார்.

நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஐம்பத்து நான்கு படியையும் எண்ணினேன். தெரு வாசனை அடித்தது. பெட்ரோல், ஈர மண். அழுகை வந்தது. சாட்சிக்கான அழுகை என்று மகன் தோளைத் தட்டினான்.

மண்டபத்தில் ஐநூறு பேர் இருக்கும். மருமகள் ஸ்டாண்டு வைத்து நேரலை எடுத்தாள். மகன் என்னை மேடைக்குத் தள்ளி வந்து, மைக்கையும் தாளையும் கையில் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான். நான் தாளை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"படிக்கிறது அப்புறம். முதல்ல எல்லாரும் கண்ணை மூடிக்குங்க," என்றேன்.

ஐநூறு பேரும் மூடினார்கள். போதகர் தலை குனிந்தார். மகன் இரண்டு கையையும் விரித்தான். நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை நான் கூப்பிடுகிற பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டேன். இங்கே எழுத மாட்டேன். பிறகு பேசினேன்:

"நீ போயிட்டே. நான் பேசுறது உனக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும். இங்க இருக்கிறவங்களுக்குக் கேக்கட்டும். நான் உன்னை ஒருநாளும் அடிச்சதில்லை. குடிச்சதில்லை. நீ கோயிலுக்குப் போனா கூடவே வந்தேன், வாசல்ல நின்னேன். நீ என்னை உள்ளே வான்னு கூப்பிடல. நான் உன்னை வெளியே வான்னு கூப்பிடல. இன்னைக்கும் நான் வாசல்லதான் நிக்கிறேன். நான் அடிச்சேன்னு ஒரு தாள்ல என் விரலை வாங்கிட்டாங்க. அப்போ எனக்குப் படிக்கத் தெரியாது. மன்னிச்சுக்கோ. இப்போ படிப்பேன். ஒரு அம்மா, என் காலைத் தூக்கவெச்சே சொல்லிக்கொடுத்தாங்க. நீ இருந்திருந்தா உனக்குத்தான் முதல்ல படிச்சுக் காட்டியிருப்பேன்."

நடுவில் யாரோ ஒருவர், "ஆமாம் ஆண்டவரே" என்றார். பழக்கம்தான். போதகரின் புருவம் மட்டும் மேலும் கீழும் போனது. மருமகளின் கை ஸ்டாண்டை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது. இன்று அவளும் இரண்டு கண்ணையும் மூடியிருந்தாள், ஸ்டாண்டு எங்கே என்று தெரியவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. ஜெபமாயிற்றே. மகனின் விரித்த கைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மடிக்கு வந்தன. கண்ணை அவ்வளவு இறுக்கி மூடி நான் அவனைப் பார்த்ததில்லை. சின்ன வயதில் ஊசி போடும்போது மூடுவான்.

பேசி முடித்து மைக்கைக் கீழே வைத்தேன். ஆமென் சொல்லவில்லை. அது என் சொல் இல்லை.

ஆமென் வராததால் யாருக்கும் கண் திறக்கத் தெரியவில்லை. ஐநூறு பேர் அப்படியே. கடைசி வரிசையில் ஒரு கிழவி முதலில் திறந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பத்து மணிக்கு அவள் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. தட்டு வருகிறது, போகிறது. காலை ஜெபத்தில் என் நாற்காலியைக் கேமராவுக்கு வெளியே, சுவரோரம் தள்ளிவிட்டார்கள். முதல்முறையாக நிம்மதியாகக் கொட்டாவி விட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நானே தூக்குகிறேன். பத்து. எழுத்து சொல்ல ஆள் இல்லை. பழைய எழுத்தையே திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். இடது கால் மறுபடி மரத்துப்போகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று மூப்பர் தேர்தல். மகன் ஜெயிக்கவில்லை. மருமகள் மாலை ஜெபத்தில் என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று தயாராக இருந்தேன். "ஆண்டவரே" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. ஆமென் என்று எழுந்து போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவன் என் மகன்தானே.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று காலை நேரலை இல்லை. மேசையில் சாப்பாட்டுக்கு முன் மகன் ஜெபித்தான். பழக்கப்படி கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். நடுவில் குரல் நின்றது. பார்த்தால், அவன் கண்ணும் திறந்திருக்கிறது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ.

"அம்மா குடைக்குள்ள நிக்கச் சொல்லுவாங்கல்ல," என்றான்.

"ஆமாடா."

சாப்பிட்டோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். கால் டீச்சர்! மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

"யாரும்மா கூப்பிட்டாங்க?"

"உங்க மகன்தான். போன வாரமே வந்து பேசிட்டுப் போனாரு." பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "யாருக்கும் சொல்ல வேண்டாம்னாரு ஐயா. உங்களுக்குக்கூட."

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்தேன். இன்று ஆறு படி. இறங்கி ஏறினேன். மீதி நாற்பத்து எட்டு.